சரித்திரப் பரீட்சையும் தமிழ்ப் பிள்ளைகளும்

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டால் தாராவி, சயான், செம்பூர் பகுதித் தமிழர் வீடுகளில் டெலிவிஷன் சத்தம் அடங்கிவிடும். கணக்குக்கு ஒரு டியூஷன், சயின்சுக்கு ஒரு டியூஷன். சரித்திரத்துக்கு மட்டும் ஒரு கைடு வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது வழக்கமாகிவிட்டது.

பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. ஓட்டலிலும் ஒர்க்ஷாப்பிலும் ஆபீசிலும் உழைத்துக் கொண்டுவரும் சம்பளத்தில் மூன்றாவது டியூஷனுக்கு எங்கே போவது?

மராட்டிய மாநில போர்டு, ஆறு பாடங்களில் மார்க் குறைந்த ஒன்றைத் தள்ளிவிட்டு மற்ற ஐந்தைக் கூட்டித்தான் சதவீதம் போடுகிறது. "சரித்திரம் போனால் போகட்டும்" என்று பிள்ளைகள் அலட்சியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு மராத்தியிலோ இங்கிலீசிலோ மார்க் குறைவது சகஜம். அந்தச் சலுகை அங்கே தேவைப்படும். சமூக அறிவியலிலும் மார்க் போய்விட்டால் தள்ளுவதற்கு இன்னொரு பாடம் கிடையாது. 11-ம் வகுப்பில் இடம் தேடி அலையும்போதுதான் அது உறைக்கும்.

சரித்திரமும் அரசியல் அறிவியலும் சேர்ந்த வினாத்தாளுக்கு 40 மார்க். நேரம் 2 மணி. இதில் சரித்திரத்தின் பங்கு 28. சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, தவறான ஜோடியைக் கண்டுபிடிப்பது ஆகியவை 6 மார்க்கோடு முடிந்துவிடும். மனப்பாடம் அதுவரைதான் துணைக்கு வரும். பிறகு குறிப்பு எழுத வேண்டும். காரணம் கூறி விளக்க வேண்டும். விரிவாக விடை எழுத வேண்டும். ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் 4 மார்க் கேள்வியும் உண்டு. விடையில் பெரும்பகுதி அந்தப் பத்தியிலேயே அச்சாகியிருக்கும். வீடு தேடி வரும் மார்க் அது! அதையும் அவசரத்தில் விட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2018-ல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகம், மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டுமாகப் போகும் பழைய மாதிரிப் புத்தகம் அல்ல. சரித்திரம் எப்படி எழுதப்படுகிறது, சினிமா, பத்திரிகை, விளையாட்டு, சுற்றுலா ஆகியவற்றுக்கும் சரித்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறது. இத்தாலியில் எரிமலைச் சாம்பல் மூடிய பாம்பே நகரத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த தந்தப் பொம்மை ஒன்று கிடைத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. "பொம்மையும் சரித்திரச் சான்று ஆகும். காரணம் கூறு" என்று கேட்டால், கைடை உருப்போட்ட பிள்ளை முதல் வரியை மறந்ததும் பேனாவை மூடிவிடும். அந்தக் காலத்திலேயே இந்தியச் சரக்கு ரோமாபுரிக்குப் போயிருக்கிறது என்று புரிந்துகொண்ட பிள்ளை, தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் நாலு வரி எழுதிவிடும்.

இது மராட்டியர் சரித்திரம்தானே, நமக்கென்ன என்று ஒதுங்கும் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் செஞ்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். சத்ரபதி சிவாஜி 1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் மொகலாயரிடமிருந்து தப்பி 1689-ல் அங்கே வந்து சேர்ந்தார். 1698-ல் கோட்டை விழும்வரை மராட்டிய அரசின் தலைநகரமே அதுதான். பாடத்தில் வரும் "சபாசத் பக்கர்" என்ற சிவாஜி வரலாறு, ராஜாராம் செஞ்சியில் இருந்த காலத்தில் எழுதப்பட்டதே. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளன, மற்றது செஞ்சி. தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், 1803-ல் செய்த வேலை அது. இவ்வளவையும் ஒருமுறை சொல்லிக் காட்டினால் பாரம்பரியம் பற்றிய பாடம் பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத தகப்பனாரும் தாயாரும் அல்ஜீப்ராவில் உதவ முடியாது. சரித்திரத்தில் முடியும். அன்று படித்த பாடத்தைத் தமிழில் கதைபோலச் சொல்லச் சொல்லிக் கேட்டால் போதும். "அப்புறம் என்ன ஆயிற்று? ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று இடையில் கேட்க வேண்டும். தமிழில் தடையில்லாமல் சொல்ல முடிந்தால், அதை இங்கிலீசிலோ இந்தியிலோ எழுதிப் பழகுவது அடுத்த வேலை. அதற்குப் பழைய வினாத்தாளும் ஒரு கடிகாரமும் வேண்டும். 40 மார்க்குக்கு 120 நிமிஷம். மார்க்குக்கு 3 நிமிஷம். 2 மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசிக் கேள்வியை வெறுமனே விடும் பழக்கம் இப்படித்தான் போகும்.

இரண்டாவது ஷிப்ட் முடித்து வருகிறவருக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும் என்பது உண்மைதான். சாப்பிடுகிற 10 நிமிஷம் போதும். தட்டுக்கு எதிரே பிள்ளையை உட்கார வைத்து, செஞ்சிக் கதையைச் சொல்லச் சொல்லட்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்தப் பக்கத்தை மறுநாள் காலை பிள்ளை மறுபடி படித்துக்கொள்ளும்.