மகனுக்கு ஓர் அறை



சென்ற ஆண்டு, கடமலைக்குண்டை அடுத்த ஒரு சிற்றூரில், புதுவீட்டில் குடியேறி ஆறு மாதமாகியிருந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். தென்னையும் இலவமும் வளர்த்து உழைப்பால் உயர்ந்த குடும்பம். இல்லத் தலைவர் எம்மை ஓர் அறைக்கு அழைத்துச் சென்று, "இது மகனுடைய அறை, சாமி. பத்தாம் வகுப்புப் படிக்கிறான். ஒரு குறையும் வைக்கவில்லை" என்றார் பெருமையோடு.

உண்மையில் குறையொன்றும் காணப்படவில்லை. தேக்குக் கட்டில், கண்ணாடி பதித்த அலமாரி, மெருகேற்றிய மேசை, அடர்நீலச் சுவர். சுவரில் தந்தையார் கையால் எழுதிய கால அட்டவணை. அதன்மேல் வெண்ணிற அங்கி அணிந்த மருத்துவர் ஒருவரின் படம். கதவின் உட்புறத் தாழ்ப்பாள் மட்டும் கழற்றப்பட்டிருந்தது.

விடைபெறும் வேளையில் தாயார் தணிந்த குரலில் கூறினார்: "பிள்ளை இந்த அறையில் படுப்பதே இல்லை, சாமி. இரவானால் தோப்பிலுள்ள மோட்டார் அறைக்குப் போய்விடுகிறான். பாம்பு பூச்சி நடமாடும் இடம். எங்களுக்குத் தூக்கமே இல்லை."

தோப்பிலே அம்மகனைக் கண்டு பேசினோம். நெடுநேரம் மௌனமாயிருந்தவன், "அது அப்பாவின் அறை, சாமி. என்னை அதில் குடிவைத்திருக்கிறார்" என்றான்.

இச்சொல் எம்மை வெகுநாள் உறுத்தியது. பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளை தனிமையை நாடுவது கள்ளத்தனம் அன்று, வளர்ச்சியின் அடையாளம். தன்னைத் தானே அறிந்துகொள்ள அவனுக்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தில் அவன் கருத்துக்கு மதிப்பில்லையெனில், எத்தனை தேக்கு இழைத்தாலும் அது விடுதி அறையே.

கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில், கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பலரும் கண்டிருப்பீர்கள். 2003ஆம் ஆண்டில் சாஸ்திரா பல்கலைக்கழகம் அதனை வாங்கி நினைவில்லமாகப் பேணி வருகின்றது. மிகச் சிறிய ஓட்டு வீடு. தெருவை நோக்கிய சன்னல், அதனருகே ஒரு கட்டில், வெளியே ஒரு திண்ணை. அத்திண்ணையில் கற்பலகையை மடிமீது வைத்துக்கொண்டு அவர் கணக்கில் ஆழ்ந்திருப்பாராம். 1903இல், பதினைந்து வயதில், ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய ஒரு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அவர் வாழ்வே திரும்பியது. எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் ஆவதில்லை. ஆயினும், வளரும் பிள்ளைக்கு வேண்டுவது ஆடம்பரமன்று. வெளிச்சமும், காற்றும், தன்னுடையது என்று சொல்ல ஒரு மூலையுமே என்பதை அவ்வீடு உணர்த்துகின்றது.

ஆகவே, பெற்றோரே, அறையை அமைக்குமுன் பிள்ளையைக் கேளுங்கள். சுவரின் நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். முடிந்தால் அவனே பூசட்டும். கட்டில் ஆறேகால் அடி நீளம் இருக்கட்டும். அவன் இன்னும் வளர்வான். மேசை இரண்டரை அடி உயரம் போதும். வலக்கையால் எழுதுபவனுக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வரவேண்டும். இல்லையேல் கையின் நிழல் ஏட்டில் விழும். மெத்தைக்கு வெளியூர் செல்லவேண்டியதில்லை. நம் பகுதியில் விளையும் இலவம் பஞ்சு கனமற்றது. உள்ளே காற்றடைந்த இழை. அவ்வப்போது வெயிலில் உலர்த்தினால் மீண்டும் உப்பிக்கொள்ளும். இந்த வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கூற்று. எனவே, இரவில் கைப்பேசி கூடத்தில் உறங்கட்டும். பிள்ளையின் கைப்பேசி மட்டுமன்று, பெற்றோருடையதும்.

"எங்கள் வீட்டில் ஏது தனியறை?" என்று சிலர் கேட்பது எம் செவியில் விழுகின்றது. 2024இல் தமிழக அரசு அறிவித்த கனவு இல்லத் திட்டத்தின் வீடே 360 சதுர அடிதான். அங்கும் ஒரு மூலையைத் திரையிட்டு மறைக்கலாம். ஒரு பலகைத் தட்டும், சாவியுள்ள ஒரு டிரங்குப் பெட்டியும் தரலாம். அப்பெட்டியை அவனில்லாத வேளையில் திறக்காதிருப்பதே பெற்றோர் தரும் பெரிய அலங்காரம்.

அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம். தந்தையாரிடம் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டோம். "கைப்பேசியோடு கதவை அடைத்துக்கொண்டான், சாமி. பயந்துவிட்டேன்" என்றார். அவருடைய அச்சமும் நியாயமானதே. மூவரும் அமர்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்: தாழ்ப்பாள் மீண்டும் பூட்டப்படும், இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசி கூடத்துக்கு வந்துவிடும், தந்தை கதவைத் தட்டிய பின்பே நுழைவார்.

அண்மையில் மீண்டும் சென்றோம். நீலச் சுவர் வெளுத்திருந்தது. பையனே பூசியதால் ஆங்காங்கே திட்டுத்திட்டாய் இருந்தது. தேக்குக் கட்டில் விருந்தினர் அறைக்குச் செல்ல, பாட்டனாரின் பழைய கட்டில் இடம்பெற்றிருந்தது. மருத்துவர் படம் இருந்த இடத்தில், அவன் தன் கையால் வரைந்த வைகையாற்றின் படம். மதிப்பெண் உயர்ந்ததா என்று நாம் கேட்கவில்லை. பிள்ளை இரவில் வீட்டில் உறங்குகிறான், தாயும் உறங்குகிறார்.

இலவு காத்த கிளியின் கதை நம் ஊராருக்குப் புதிதன்று. கனியாகும் என்று காத்திருந்தது கிளி. காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்தது. பிழை மரத்தினுடையதன்று. இலவம் தனக்குரியதையே தந்தது; அந்தப் பஞ்சில்தான் நாம் தலை சாய்க்கிறோம். நம் பிள்ளைகளிடமும் நாம் விரும்பிய கனியையே எதிர்பார்த்திராமல், அவர்கள் தரப்போவது எதுவோ அதற்கு இடமளிப்போமாக.