"நீந்தக் கூடாது" என்றால் போதுமா?

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்து ஆர்லண்டோ நகருக்கு அருகே வால்ட் டிஸ்னி நிறுவனத்தாரின் பிரசித்தி பெற்ற உல்லாச நகரம் இருக்கிறது. உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் அங்கே போய்க் குவிகிறார்கள். 2016 ஜூன் 14-ந் தேதி இரவு, அங்குள்ள ஒரு பெரிய ஹோட்டலின் ஏரிக்கரையில் விருந்தாளிகளுக்காகத் திறந்த வெளியில் சினிமா காட்ட ஏற்பாடாகியிருந்தது. நெப்ராஸ்கா மாகாணத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை கரையோரம் விளையாடிக் கொண்டிருந்தது. மணி ஒன்பது இருக்கும். ஆழமில்லாத தண்ணீரில் நின்ற அந்தக் குழந்தையை, முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர் ஒன்று கவ்விக் கொண்டு போயிற்று. தகப்பனார் பாய்ந்து சென்று வெறுங்கையால் போராடினார்; பலனில்லை. மறுநாள் சடலம்தான் கிடைத்தது.

கரையில் பலகை இல்லாமல் இல்லை. "நீந்தக் கூடாது" என்று எழுதியிருந்தது. ஆனால் குழந்தை நீந்தப் போகவில்லையே! அந்தப் பலகையைப் படிக்கும் வெளியூர்க்காரர் என்ன நினைப்பார்? ஆழம் அதிகம் போலிருக்கிறது, படகு போகும் இடம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். முதலை என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வரும்? கரையிலோ மணலைப் பரப்பி, சாய்வு நாற்காலிகளையும் போட்டு, "வாருங்கள், உட்காருங்கள்" என்று உபசரிக்கிறார்கள்!

புளோரிடாவில் தண்ணீர் இருந்தால் முதலையும் இருக்கும், இது ஊரறிந்த சங்கதி என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். வாஸ்தவம்தான். அம்மாகாணத்தின் 67 மாவட்டங்களிலும் அவை உண்டு. மொத்தம் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ஊரறிந்தது ஊராருக்குத்தானே? பணம் கொடுத்துத் தங்க வருகிறவர் ஊராரல்லவே!

முதலைகளைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அவை மனிதனைத் தேடி வருகிற பிராணிகள் அல்ல. 1948 முதல் வைத்திருக்கும் கணக்கில், 2016 வரை அங்கே முதலையால் மாண்டவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. அந்தி சாய்ந்த பிறகுதான் அவை சுறுசுறுப்பாக இரை தேடும். யாராவது தீனி போட்டுப் பழக்கினால் மனிதனிடம் உள்ள பயம் போய்விடும். அதனாலேயே அங்கு அது சட்டப்படி குற்றம். இவ்வளவும் தெரிந்த இடத்தில் இரவு நேரத்தில் ஏரிக்கரையில் சினிமா!

காட்டு மிருகம் செய்ததற்கு நிலத்துக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். 1976-ல் அதே புளோரிடாவில், கடலில் சுறாமீன் கடித்த ஒரு சிறுவனின் வழக்கு வந்தது. முன்பு அப்படி நடந்ததாக நகரசபைக்குத் தெரியாது; ஆகவே எச்சரிக்கும் கடமையும் இல்லை என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. இருக்கட்டும். தெரியாதவருக்குக் கடமை இல்லையென்றால், தெரிந்தவருக்கு? டிஸ்னி நிறுவனம் தன் எல்லைக்குள் தொந்தரவு தரும் முதலைகளைப் பிடித்து அகற்றும் ஏற்பாட்டை முன்பே வைத்திருந்தது. அங்கே முதலை உண்டு என்பது காரியாலயத்துக்குத் தெரியும்; கரையில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பனுக்குத்தான் தெரியாது.

"முதலை" என்று எழுதி வைத்தால் விருந்தாளிகள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்ற கவலை ஹோட்டல்காரர்களுக்கு எங்கும் உண்டு. ஆனால் நடந்ததைப் பாருங்கள். சம்பவம் நடந்த மூன்றாம் நாளே முதலை, பாம்பு படங்களோடு புதிய பலகைகள் நாட்டப்பட்டன. கரையோரம் தடுப்பும் போட்டார்கள். கூட்டம் குறைந்து உல்லாச நகரம் மூடிவிடவில்லை. 1971-ல் திறந்த இடம் அது. மூன்று நாளில் முடிந்த காரியம் நாற்பத்தைந்து வருஷங்களாக ஏன் முடியவில்லை?

குழந்தையின் பெற்றோர் வழக்குத் தொடரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. மற்ற ஏரிக்கரை ஹோட்டல்காரர்கள் அதைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அறைச் சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "இருட்டிய பிறகு தண்ணீர் ஓரம் குழந்தைகளை விடாதீர்கள், முதலை இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்ல ஒரு சிப்பந்தி போதும். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரிகிற மாதிரி படம் போட்ட பலகையை, தண்ணீருக்குப் போகும் ஒவ்வொரு வழியிலும் இன்றைக்கே நாட்டலாம்.