பூங்காவில் அவிழ்த்துவிடப்படும் வளர்ப்பு நாய்கள்: கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள்
அனுப்புநர்: செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்
பார்வை: இதே பொருளில் எங்கள் முந்தைய கடிதங்களும் தங்கள் அலுவலகப் பதில்களும்

ஐயா,

எங்கள் சங்கம் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்போருக்கான பதிவுபெற்ற சங்கம்.

காலை நடைப்பயிற்சி நேரத்தில் சிலர் தங்கள் நாய்களைக் கயிற்றை அவிழ்த்து ஓடவிடுகிறார்கள் என்று முதல் கடிதத்தில் தெரிவித்தோம். தெருநாய்களுக்குக் கருத்தடை நடந்துவருவதாகப் பதில் வந்தது. நாங்கள் எழுதியது கழுத்துப்பட்டையும் உரிமையாளரும் உள்ள நாய்களைப் பற்றி. அதை விளக்கி மீண்டும் எழுதினோம். யாரையும் கடித்ததாகப் பதிவு இல்லாததால் நடவடிக்கைக்கு இடமில்லை என்றார்கள். அடுத்த கடிதம் 'உரிய நடவடிக்கைக்காக' மண்டல அலுவலகத்துக்குப் போனது, அதோடு சரி.

கடி விழும்வரை காத்திருக்கும்படி சட்டம் சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 2023, பிரிவு 291-ஐத் தாங்கள் தயவுசெய்து படிக்க வேண்டும். தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருப்பதே குற்றம். தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 289-உம் இந்த அலட்சியத்தைக் குற்றம் என்றே சொன்னது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவுக்குள்ளேயே, இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்த நாய்களுக்கும் உரிமையாளர் இருந்தார்.

எங்கள் பூங்காவில் நாயின் உரிமையாளர்களைக் கேட்டால் "ஒண்ணும் பண்ணாது சார்" என்கிறார்கள். பெரிய நாய் ஆசையாகப் பாய்ந்தாலே வயதானவருக்கு இடுப்பெலும்பு முறியும். குழந்தைகளைக் கூட்டிவந்த தாய்மார்கள் இப்போது வருவதில்லை. முதியவர்கள் பேருந்து ஓடும் சாலையோரத்தில் நடக்கிறார்கள். நாய்களுக்குத் தடை கேட்கவில்லை. அப்படித் தடுக்கக் கூடாதென்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே கூறியிருப்பதை அறிவோம். கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.

ஆகவே:

1. பூங்காவுக்குள் கயிறு கட்டாயம் என எழுத்துமூலம் ஆணையிட்டு, பிரிவு 291-ஐக் குறிப்பிட்டு வாயிலில் பலகை வைக்க வேண்டும். காலை வேளையில் பணியாளர் ஒருவர் கண்காணித்து, மீறுவோர் மீதான புகாரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.
2. நாயின் கழிவை உரிமையாளரே அள்ள வேண்டும். அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.
3. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைச் சோதிக்க வேண்டும்.
4. பழுதான பின்வாயில் கதவைச் சரிசெய்ய வேண்டும்.

கோரிக்கை 1-ஐ ஏற்க இயலாதெனில், பிரிவு 291 ஏன் பொருந்தாது என்ற காரணத்தைத் தங்கள் கையொப்பத்துடன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: காவல் ஆய்வாளர் அவர்கள்