சக்கரத்தின் உரிமை

உரிமை என்றால் முந்தி நிற்பதும் கடமை என்றால் பிந்தி நிற்பதும் மனித இயல்பு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கு மிதிவண்டியுடன் விடுமுறை கழிக்கச் செல்வோர் பலரிடத்தும் இவ்வியல்பைக் காணலாம்.

2003ஆம் ஆண்டு அங்கு நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டம், நடப்போருக்கு மட்டுமன்றி மிதிவண்டியில் செல்வோருக்கும் மலைவெளிகளில் உலவும் உரிமையை வழங்கியது. ஆயின், பொறுப்புடன் நடந்துகொள்வோருக்கே அவ்வுரிமை உண்டு என்றும் அதே சட்டம் வரையறுத்தது. முற்பகுதியை மனப்பாடம் செய்தவர்கள் பிற்பகுதியை ஏனோ மறந்துவிடுகின்றனர்!

“மிதிவண்டி புகை கக்குவதில்லையே, அதனால் என்ன கேடு?” என்று வினவுவர் சிலர். கேடு புகையால் மட்டுமா விளையும்? அம்மலைச் சரிவுகளில் பல இடங்களில் இருப்பது ‘பீட்’ எனப்படும் சதுப்பு மண். பாசியும் புல்லும் முழுதும் மட்காமல் படிந்து உருவான அம்மண், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே உயரும். சக்கரங்கள் 10 சென்டிமீட்டர் ஆழத்திற்குப் பறித்துவிட்டால், அழிந்தது 100 ஆண்டுகளின் சேமிப்பன்றோ?

நடப்போராலும் மண் தேயும், மறுப்பாரில்லை. ஆனால், பாதம் விட்டுவிட்டுப் பதிகிறது. சக்கரமோ இடைவிடாமல் கோடு கிழிக்கிறது. அக்கோட்டின் வழியே மழைநீர் பாய்ந்து பள்ளத்தைப் பெருக்குகிறது.

சட்டத்தை ஒட்டி வகுக்கப்பட்ட நெறிமுறை, ஈரமான சதுப்பு நிலத்தைத் தவிர்க்குமாறும், குறுகிய பாதையில் பிறருக்கு இடையூறு நேரின் இறங்கி நடக்குமாறும் அறிவுறுத்துகிறது. இறங்கி நடப்பது இழிவன்று. மலையை வென்றுவிட்டதாக முழங்குவது வீரமுமன்று. மண்ணைக் கெடுக்காமல் மீள்பவரே அவ்வுரிமைக்குத் தகுதியுடையவர்.