யாலவுக்கு வரம்பு வேண்டும்

யால தேசிய பூங்காவின் முதலாம் வலயத்துக்குள் அது தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வாகனங்கள் விடப்படுகின்றன. வரம்பு வேண்டும். அதுவும் உடனே வேண்டும்.

பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் குவிவது சுமார் 140 சதுர கிலோமீற்றர் கொண்ட முதலாம் வலயத்தில்தான். காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும் முன்பே ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. உள்ளே ஒரு சாரதியின் கண்ணில் சிறுத்தை பட்டதும் கையடக்கத் தொலைபேசிகள் ஒலிக்கின்றன. சற்று நேரத்தில் அந்த ஒற்றை மண்பாதை முன்னும் பின்னும் அடைபட்டுப் போகிறது. தண்ணீர் குடிக்கப் பாதையைக் கடக்க வந்த விலங்கு பற்றைக்குள் திரும்பிவிடுகிறது. வறட்சி மாதங்களில் எஞ்சியிருக்கும் குளங்கள் சில. அவற்றுக்குப் போகும் வழி அடைபடுவது சிறு தொல்லை அல்ல. வேகமாக வந்த வாகனங்களில் அடிபட்டுச் சிறுத்தைகள் மாண்டதும் உண்டு.

பழியைச் சாரதிகள்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. சிறுத்தையைக் காட்டுவதாகச் சொல்லியே பயணம் விற்கப்படுகிறது. காட்டினால்தான் சாரதிக்கு மேலதிகமாக நாலு காசு. பாலைப் பழம் தின்ன மரமேறும் கரடியையும் அதே காட்டில் பார்க்கலாம் என்பதைப் பயணிக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பொறுப்பு நுழைவுச்சீட்டு வழங்கும் நிர்வாகத்துக்கு உரியது. வாயில் அதன் கையில் இருக்கிறது. வருமானத்தைப் பெறுவதும் அதுவே, காட்டைக் காக்கச் சட்டத்தால் கடமைப்பட்டதும் அதுவே. இவ்விரண்டும் மோதும்போது காடே முந்த வேண்டும். 1938இல் யால தேசிய பூங்காவாக்கப்பட்டது அதற்காகத்தான்.

ஒரு வேளைக்கு எத்தனை வண்டிகள் என்பதை அறிவியல் அடிப்படையில் வகுத்து, முன்பதிவு மூலம் மட்டும் அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு ஜீப்பிலும் பயிற்சி பெற்ற வழிகாட்டி இருக்க வேண்டும். வேக வரம்பை மீறும் வண்டிக்கு நுழைவு அனுமதி இடைநிறுத்தப்பட வேண்டும். வருமானம் குறையும் என்ற அச்சத்தில் ஜீப் உரிமையாளர்கள் இதை எதிர்க்கலாம். அவர்களுடன் பேசி, மற்ற வலயங்களுக்கும் பயணங்களைப் பகிர்ந்தளிக்க வழி காண்பது நிர்வாகத்தின் வேலை.

வறட்சிக்காகப் பூங்கா சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம். அடுத்த முறை அது மீண்டும் திறக்கும் நாளிலேயே இந்த வரம்பு நடைமுறையில் இருக்க வேண்டும்.