வைத்தியர் தரும் துண்டு

முன்னேஸ்வரத்தாருக்குச் சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலை எட்டிய தூரத்தில் இருப்பது பாக்கியமே. ஆயினும் வியாதி அங்கே தீராததென்று கண்டால் குருநாகலுக்கோ, தெற்கே ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் தள்ளிக் கொழும்புக்கோ பிரயாணப்பட நேர்கையில், நோயாளிக்கு வழித்துணையாவது வைத்தியர் எழுதித் தந்த ஒரு துண்டுதான். நாட்டின் எப்பகுதியிலும் அத்துண்டு பெரும்பாலும் அவசரத்தில் எழுதப்படுவது: நோயின் பெயர் இருக்கும், இதுவரை கொடுத்த மருந்து இராது, இரத்தம் பரிசோதித்தாயிற்று என்றிருக்கும், முடிவு இராது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற உயிர்போகும் விஷயத்துக்கோ இடமே விட்டிராது. ஆகவே மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள்.

திரும்பி வரவேண்டிய மறுமொழியின் கதி அதனினும் பரிதாபம். பெரிய வைத்தியசாலையில் என்ன செய்தார்கள் என்பதை ஊர் வைத்தியர், “காலையில் வெள்ளைக் குளிசை ஒன்று, இரவில் மஞ்சள் பாதி” என்று நோயாளி சொல்வதைக் கொண்டே ஊகித்துச் சிகிச்சையைத் தொடர வேண்டியிருக்கிறது. கிளினிக் கொப்பி உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குப் போகிறவரிடம் ஒரு கொப்பிக்கு மற்றது அந்நியம்.

இத்தேசத்துக்குப் பதிவு வைக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த தாய்சேய் சேவையில், கர்ப்பிணியின் பதிவு ஒன்று அவள் கையிலும் மற்றொன்று மருத்துவமாதிடமும் இருப்பதால், எந்த வைத்தியசாலையில் பிரசவம் நேர்ந்தாலும் அவளுடைய எடையும் இரத்த அழுத்தமும் முந்திய பிரசவங்களின் விருத்தாந்தமும் கூடவே போகின்றன. 1940களின் நடுப்பகுதியில் லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்த தாய்மரணம் 2010களில் நாற்பதுக்குக் கீழிறங்கியதற்குக் காரணங்கள் பல. அந்தப் பதிவும் அவற்றில் ஒன்றென்பது என் அபிப்பிராயம். மகளுக்குக் கிடைத்த இந்தச் சிரத்தை, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குளிசை விழுங்கும் தகப்பனாருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

துண்டில்லாமலே எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் போகலாம் என்பது நம் ஜனங்களின் பழைய சுதந்திரம்; அதைப் பறிக்கச் சொல்லவில்லை. கணினிப் பதிவும் சில இடங்களில் வந்திருக்கிறது, நன்றாய் வரட்டும். அதுவரை சுகாதார அமைச்சு, அனுப்பும் துண்டின் அடியிலேயே மறுமொழிக்கு இடம் விட்டு அச்சிட்டு, அது நிரப்பப்படாமல் எவரையும் விடுதியிலிருந்து அனுப்பலாகாதென்று விதிக்கட்டும். ஒவ்வாத மருந்தின் பெயரை நோயாளியின் பாஷையிலும் எழுதச் செய்யட்டும். வாசகர்களும் துண்டை வாங்கி மடித்து வைக்குமுன், மருந்தும் பரிசோதனை முடிவும் அதில் உள்ளனவா என்று வைத்தியரிடம் கேட்கத் தயங்கவேண்டாம்.