காளான் கதிர்வீச்சைத் தின்னுமா? மதுரை போர்வெல் தண்ணீர் சொல்லும் பாடம்

'செர்னோபிலில் கதிர்வீச்சைத் தின்னும் காளான்' என்ற வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது மதுரைக்காரர்களுக்கு ரொம்பவே அவசியம். ஏனென்றால், நம்ம ஊர்க் கதை அணு உலையில் இல்லை, போர்வெல்லில் இருக்கிறது.

செர்னோபிலில் என்ன நடந்தது?

1986 ஏப்ரல் 26 விபத்தில் வெளியேறிய சீசியம்-137, மழையோடு ஐரோப்பாவின் காடுகளில் இறங்கியது. வேதியியல்படி சீசியம், பொட்டாசியத்துக்குப் பங்காளி மாதிரி. மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவும் பூஞ்சை இழைகள், பொட்டாசியத்தை உறிஞ்சும்போது சீசியத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்கின்றன. அந்தக் காளான்களைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளின் இறைச்சியை ஜெர்மனியின் பவேரியாவில் இன்றும் சோதித்துத்தான் விற்கிறார்கள். கிலோவுக்கு 600 பெக்கரலைத் தாண்டினால் விற்க முடியாது.

அப்போ 'தின்னும்' என்பது?

உடைந்த உலைக்குள்ளேயே கருப்புப் பூஞ்சைகள் வளர்ந்தது உண்மை. அவற்றில் இருக்கும் மெலனின், கதிர்வீச்சின் ஆற்றலைப் பயன்படுத்த உதவலாம் என்று 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால், எந்தப் பூஞ்சையும் சீசியத்தை அழிப்பதில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள்; மண்ணில் இருந்தாலும் காளானுக்குள் இருந்தாலும் அதேதான். காளான் செய்வது, சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது மட்டும்தான்.

(கடையில் வாங்கும் பால் காளானும் சிப்பிக் காளானும் வைக்கோல் படுக்கையில் வளர்பவை. அந்தக் காட்டு மண்ணோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை. தாராளமாகச் சாப்பிடலாம்.)

மதுரைக்கு என்ன?

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறைப் பூமி. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளைப் பார்த்தாலே தெரியும். கிரானைட் வகைப் பாறைகளில் இயற்கையாகவே யுரேனியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது நிலத்தடி நீரில் கரையும். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் யுரேனியத்தையும் ரேடானையும் அளந்து ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள்.

குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்கிறது. இந்த அளவுகளில் பயம் கதிர்வீச்சைவிடச் சிறுநீரகத்தைப் பற்றியதுதான்.

பூஞ்சை இங்கே உதவுமா?

உதவலாம். ரைசோபஸ் என்ற பூஞ்சையின் உலர்ந்த உடல்கூட நீரில் கரைந்த யுரேனியத்தைப் பிடித்துவைக்கும் என்று 1980களிலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால், பிடித்த பிறகு? யுரேனியம்-238-ன் அரை ஆயுள் சுமார் 450 கோடி ஆண்டுகள். அந்தப் பூஞ்சையைக் குப்பையில் கொட்டினால், பிரச்சினை இடம் மாறும், தீராது.

ஆர்.ஓ. இயந்திரமும் இப்படித்தான். யுரேனியத்தைப் பிரித்துவிடும், ஆனால் கழிவு நீரில் செறிவாக வெளியே தள்ளும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது. டிடிஎஸ் மீட்டரிலும் அது தனியாகத் தெரியாது. ஆய்வகத்தில் சோதித்தால்தான் உண்டு.

ஆகவே, அதிசயப் பூஞ்சைக்குக் காத்திருப்பதைவிட அளவெடுப்பதே முதல் வேலை. மாநகராட்சியும் குடிநீர் வடிகால் வாரியமும் வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாக யுரேனிய அளவைச் சோதித்து, யாரும் போனில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வரம்பு தாண்டிய இடங்களுக்கு ஆற்று நீர் முதலில் போய்ச் சேர வேண்டும். கேன் தண்ணீர் ஆலைகளின் கழிவு நீர் எங்கே போகிறது என்ற கணக்கும் வேண்டும்.

போர்வெல் தண்ணீரை நம்பிப் புது ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? பத்திரத்தைச் சரிபார்ப்பது போல, தண்ணீர்ச் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.